பெட்டி முன்னே போய்விட்டது

பெட்டி காலையில் பத்து நாற்பதுக்கே கிளம்பிப் போய்விட்டது. போக வேண்டிய செண்பகவல்லி மட்டும் இன்னும் அடுப்படியில் நின்றுகொண்டு, கழுவி வைத்த தட்டையே எடுத்து மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள். மணி ஒன்றே முக்கால். மூன்றரைக்குப் போன் வரும். அதை நினைக்கக் கூடாது என்று காலையிலிருந்து நூறு தடவை நினைத்தாயிற்று. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, மேற்கே சூலம். கோவில்பட்டிக்காரிக்குத் திருவனந்தபுரம் மேற்கே, அங்கேயிருந்து விமானம் ஏறிப் போக வேண்டிய மாலத்தீவு அதற்கும் அந்தப் பக்கம். ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் போட்டவர்களுக்குச் சூலம் தெரியாது, அவள் வீட்டுக்காரர் ஆவுடையப்பனுக்குத் தெரியும். மின்வாரியத்தில் போர்மேன். கம்பத்தில் ஆள் ஏற்றுவதற்கு முன்னால் லைன் ஆஃப் ஆகியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்ப்பார், நேரம் நல்லதா என்று காலண்டரை இரண்டு தடவை பார்ப்பார். அவர்தான் பரஸ்தானம் வைத்துவிடுவோம் என்றார். கிளம்புகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நேரத்தில் பெட்டியை மட்டும் வெளியே கொண்டுபோய் இன்னொரு வீட்டில் வைத்துவிட வேண்டும். அதோடு பயணம் ஆரம்பித்தாகிவிட்டது. அப்புறம் ஆள் எப்போது கிளம்பினாலும் தோஷமில்லை. ஒன்றே ஒன்றுதான், போன பெட்டி திரும்பவும் இந்த வாசல்படி ஏறக் கூடாது, வழியில் திறக்கவும் கூடாது. மேற்கே இருக்கிற வீடு ஜெபக்கனி அக்காவினுடையது. ரிட்டயரான கணக்கு டீச்சர். "ஏ ஆவுடையப்பா, எங்க வீட்டுல கொண்டாந்து வச்சா ஒங்க சாமி ஒத்துக்கிடுமா?" என்று அக்கா சிரித்தார்கள். "திசைதாங்க்கா முக்கியம்" என்றார் இவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல். அக்கா பெட்டியின் மேல் கையை வைத்துக் கண்ணை மூடி, ஆண்டவரே, இந்தப் பெட்டியையும் இதுக்குப் பின்னால போற பிள்ளையையும் பத்திரமா கொண்டுபோய்ச் சேரும் என்று ஜெபம் பண்ணினார்கள். செண்பகவல்லிக்கு அந்த இடத்தில் கண் கலங்கிவிட்டது. பின்னால் போகிற பிள்ளை. முப்பத்தொன்பது வயதுப் பிள்ளை.

நோட்டும் பெட்டியோடு போய்விட்டது என்று தெரிந்தது பதினொன்றே காலுக்கு. நீல அட்டை போட்ட நோட்டு. பத்து நாளாக மாவாட்டுகிற நேரத்திலும் துணி காயப்போடுகிற நேரத்திலும் யோசித்து யோசித்து எழுதியது. என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று நாற்பது கேள்வி, நாற்பது பதில், எல்லாம் சுத்தமான ஆங்கிலத்தில், பிழை பார்த்து, சிவப்பு மையில் திருத்தி. போன் வரும்போது மடியில் விரித்து வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தவள், "நேரமாகுது, நேரமாகுது" என்று வாசலில் நின்று இவர் கைக்கடிகாரத்தைத் தட்டிய பதற்றத்தில் சேலைகளுக்கு நடுவே செருகி ஜிப்பை இழுத்துவிட்டாள். ஓடிப்போய்ப் பார்த்தால் ஜெபக்கனி அக்கா வீட்டில் பூட்டுத் தொங்குகிறது. போன் போட்டால் பஸ் இரைச்சல். "நாசரேத்துல கல்யாணம்னு சொன்னேம்லா. பொழுதடைய வந்துருவேன், சாவி எங்கிட்டதான இருக்கு" என்றார்கள். அப்படியே அக்கா வீட்டில் இருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது. இவரிடம் கேட்டுப் பார்த்தாள், பெட்டியத் தொறந்து ஒரே ஒரு நோட்ட மட்டும் எடுத்துட்டு மூடிட்டா என்ன என்று. "தொறந்தா திரும்பினதுக்குச் சமம்" என்றார். எந்தப் பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த நோட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று அவர் கேட்டிருப்பார். இங்கிலீஷ் டீச்சருக்கு இங்கிலீஷில் பேச எதற்கு நோட்டு? அதற்கு நோட்டிலேயே பதில் கிடையாது.

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்துப் பார்த்தாள். காலையில் வந்த செய்தி அப்படியே இருந்தது. ஆமினத் மேடம், அந்தத் தீவுப் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை. எங்கள் நேரம் மூன்று மணிக்கு அழைக்கிறேன், படகுக்குப் பெயர் கொடுக்க வேண்டும், சில விஷயங்கள் பேச வேண்டும், இன்று பேச முடியாமல் போனால் கவலை வேண்டாம், பயணத்தைத் தள்ளிவைத்துக்கொள்ளலாம். அவர்கள் மூன்று என்றால் இங்கே மூன்றரை. கவலை வேண்டாம் என்பதுதான் அவளைக் காலையிலிருந்து சுற்றிச் சுற்றி வந்தது. தள்ளிவைத்துக்கொள்ளலாம். எவ்வளவு நல்ல வார்த்தை. போன் அடிக்கட்டும், எடுக்க வேண்டாம். சார்ஜ் இல்லை, சிக்னல் இல்லை, தலைவலி, தூங்கிவிட்டேன், எதையாவது சொல்லிக்கொள்ளலாம். ஆனால் தள்ளிவைத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும், தன்னைப் பற்றி அவளுக்குத் தெரியாதா. ஸ்கூட்டர் லைசென்ஸைத் தள்ளிவைத்து ஒன்பது வருஷம் ஆகிறது. இன்றைக்கும் டவுன் பஸ்தான். எம்.ஏ. படிக்க அப்ளிகேஷன் வாங்கியதைத் தள்ளிவைத்து, அந்த அப்ளிகேஷன் பீரோவில் புடவைக்கு அடியில் விரிப்பாகக் கிடக்கிறது. இன்று இந்தப் போனை எடுக்கவில்லை என்றால் அவள் போகப்போவதில்லை. இனி எப்போதுமே போகப்போவதில்லை. மூன்றரை மணிக்கு எல்லாம் முடிந்துவிடும், இப்படியோ அப்படியோ. திரும்பவும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இந்தத் தடவை டம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தாள்.

பதினாறு வருஷம். பதினாறு வருஷமாக இங்கிலீஷ் மிஸ். ஊருக்குள் நடந்தால் நாலு பேர் நின்று குட் ஈவினிங் மிஸ் என்கிறார்கள், இவளும் குட் ஈவினிங் என்கிறாள், அதோடு முடிந்தது ஆங்கிலம். வகுப்பில் ஒரு வரி வாசிப்பாள், தமிழில் அர்த்தம் சொல்வாள், கேள்வி பதிலை எழுதிப் போடுவாள், பிள்ளைகள் உருப்போடும், நூற்றுக்கு நூறு தேர்ச்சி. யாரும் குறை சொன்னதில்லை, அவளும் ஏமாற்றியதாக நினைத்ததில்லை. ஆனால் இந்தப் பதினாறு வருஷத்தில் ஒரு ஆளிடம்கூட அவள் ஆங்கிலத்தில் சண்டை போட்டதில்லை. பேரம் பேசியதில்லை. ஒருத்தரைக் கேலி பண்ணிச் சிரித்ததில்லை, தண்ணீர் கொடுங்கள் என்று தாகத்தோடு கேட்டதில்லை. ஒருநாள் கோவில்பட்டி ஸ்டேஷனில் வெள்ளைக்காரத் தம்பதி, கழுத்தெல்லாம் வெயிலில் சிவந்துபோய், கன்னியாகுமரி வண்டி எந்த பிளாட்பாரம் என்று கேட்டார்கள். அவளுக்குத் தெரியும். பிளாட்பாரமும் தெரியும், அதைச் சொல்ல வேண்டிய வார்த்தையும் தெரியும், அந்த வார்த்தைகள் எல்லாம் தொண்டை வரைக்கும் வந்து வரிசையாக நின்றன, ஒன்றுகூட வெளியே வரவில்லை. கையை நீட்டிக் காட்டினாள். அவர்கள் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். திரும்பி வருகிற வழியில், கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது, அந்த வாக்கியம் முழுசாக, ஒரு பிழை இல்லாமல், வாயில் வந்து நின்றது. காய்காரம்மாவிடம் சொல்லவா முடியும்? அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. கல்லூரியில் மூன்று வருஷம், அதற்கப்புறம் பி.எட்., அதற்கப்புறம் பதினாறு, இவ்வளவு காலம் ஒன்றைக் கூடவே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம், அது நம்முடையதுதானா என்றுகூட இன்னும் தெரியவில்லையே என்று இருந்தது. மாலத்தீவுக்கு ஒரு வருஷத்துக்கு ஆங்கில ஆசிரியர்கள் வேண்டும் என்ற விளம்பரத்தைப் பார்த்தபோது அவளுக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தக் கத்தரிக்காய்தான். இதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள்.

கரண்ட் போய்விட்டது. இவர் காலையிலிருந்து இனாம்மணியாச்சிப் பக்கம் எங்கேயோ லைன் வேலைக்குப் போயிருக்கிறார், அந்த வேலையாகத்தான் இருக்கும். மின்விசிறி மெதுமெதுவாகச் சுற்றி நின்றது. பக்கத்துத் தெருவில் கடலை மிட்டாய்க்குப் பாகு காய்ச்சுகிற வாசனை ஜன்னல் வழியாக வந்து உட்கார்ந்தது. அவள் தரையில் படுத்தாள். சிமெண்ட்டுத் தரை முதுகுக்குச் சில்லென்று இருந்தது. கண்ணை மூடினால் உடனே அந்த இன்டர்வியூ. மூன்று மாசத்துக்கு முன்னால், இதே அறை, போனை மாவு டப்பாவில் சாய்த்து வைத்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு. முதல் நான்கு கேள்விக்குப் பதில் தயாராக இருந்தது. ஐந்தாவதாக ஆமினத் மேடம் என்னமோ கேட்டார்கள், வேகமாக, சிரித்துக்கொண்டே, ஒரு சொல்கூட ஒட்டவில்லை. செண்பகவல்லி சிரித்தாள். சிரித்தபடியே இருந்தாள். அப்போதுதான் போனுக்குப் பின்னால், அந்தப் பக்கம் தெரியாத இடத்தில், குத்தவைத்து உட்கார்ந்திருந்த மகள் மிருதுளா ரஃப் நோட்டைத் தூக்கிக் காட்டினாள். ஸ்கெட்ச் பேனாவில் கொட்டை எழுத்தில், தமிழில்: பேசவே பேசாத பிள்ளை வகுப்பில் இருந்தால் என்ன செய்வ? பன்னிரண்டு வயது. ஏழாம் வகுப்பு. படமும் பாட்டும் பார்த்துப் பார்த்தே காதுக்குப் பழகிவிட்டது அதற்கு. அந்த ஒரு வரியைப் பார்த்ததும் அடைப்பு விலகிச் செண்பகவல்லி மடமடவென்று பதில் சொன்னாள், நல்ல பதிலும்கூட. அதற்கப்புறம் மூன்று தடவை அந்த நோட்டு உயர்ந்தது. வேலை கிடைத்தது. மகள் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தாள், இவளும் குதித்தாள், அன்றைக்கு வெட்கமாகவே இல்லை, வெட்கம் மறுநாள் பரீட்சை ஹாலில் வந்தது. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு அரையாண்டுப் பரீட்சையில் முத்துச்செல்வி என்று ஒரு பிள்ளையைப் பிட்டோடு பிடித்தாள். வளையலுக்குள் சுருட்டி வைத்திருந்தது. கால் மணி நேரம் நிற்க வைத்துப் பேசினாள், அடுத்தவர் மூளையில் வாங்குகிற மார்க் எத்தனை நாளைக்கு என்றெல்லாம். போன வருஷம் பஸ் ஸ்டாண்டில் அந்த முத்துச்செல்வி, இடுப்பில் குழந்தையோடு, "மிஸ், நல்லாருக்கீங்களா? எம்பிள்ளையையும் ஒங்க ஸ்கூல்லதான் சேக்கணும்" என்று கையைப் பிடித்துக்கொண்டது. அதற்கு ஞாபகமே இல்லை. ஞாபகமெல்லாம் இவளுக்குத்தான்.

ஒரு வருஷம்தானே. எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். பிரின்ஸிபால் சொன்னார், ஜெபக்கனி அக்கா சொன்னார்கள், மளிகைக் கடைக்காரர்கூடச் சொன்னார். இவரிடம் முதல் தடவை பேச்சை எடுத்தபோது, காலண்டர் தாளைக் கிழித்துக்கொண்டே, "போகணும்னு இருந்துச்சுன்னா போயேன். ஒரு வருஷம்தான. நாங்க பாத்துக்கிட மாட்டமா" என்றார். அவ்வளவு நல்ல மனுஷர். அந்த நல்ல குணத்தின் மேல் அவளுக்கு அன்றைக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு வார்த்தை, போகாதே என்று ஒரு வார்த்தை, பேருக்காவது சொல்லியிருக்கலாம் இல்லையா. சொன்னால் சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பாள், அல்லது சண்டை போட்டுவிட்டு இருந்திருப்பாள், எப்படியும் பழியைப் போட ஒரு ஆள் கிடைத்திருக்கும். மூன்று மாசமாக அவள் ஆள் மாற்றி ஆள் மாற்றிப் போய் நின்றது இதற்குத்தான் என்று இப்போது, இந்தத் தரையில் கிடக்கும்போது, பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. யாராவது தடுங்களேன் என்று. யாரும் தடுக்கவில்லை. ஒரு வருஷம்தானே. ஒரு வருஷம் என்றால் ஏழாவது எட்டாவதாகும். மிருதுளாவுக்கு இந்த வருஷம் ஆறு சட்டை பத்தாமல் போய்விட்டது. அடுத்த வருஷத்துக்குள் அது பெரியமனுஷி ஆகிவிடும், கட்டாயம் ஆகிவிடும், அன்றைக்கு இவள் எங்கேயோ ஒரு தீவில் கரும்பலகையில் எழுதிக்கொண்டு நிற்பாள். பீரோவின் கீழ்த்தட்டில் எல்லாம் வாங்கி வைத்தாயிற்று. அக்காவிடம் சொல்லியாயிற்று. மகளிடம் உட்கார்த்தி வைத்துப் பேசினால், "தெரியும்மா, ஸ்கூல்லயே சொல்லிக் குடுத்துட்டாங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. எல்லாமே எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. பயம் இவளுக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

இந்த வீட்டில் இப்போது தன் சாமான் என்று எதுவுமே இல்லை என்பது திடீரென்று உறைத்தது. சீப்பு பெட்டியில். பவுடர் பெட்டியில். நல்ல செருப்பு பெட்டியில். நாளைக்கு உடுத்த ஒரு சேலையும் பாஸ்போர்ட் பையும்தான் ஆணியில் தொங்குகின்றன. கண்ணாடி முன்னால் போய் நின்றால் அங்கே மிருதுளாவின் ரிப்பனும் இவருடைய ஷேவிங் பிரஷும். பத்து நாற்பதுக்கே அவள் போயாகிவிட்டது, சாஸ்திரப்படி. இங்கே நிற்பது யார் அப்புறம்? அக்கா ஜெபத்தில் சொன்ன, பெட்டிக்குப் பின்னால் போகிற பிள்ளையா? அப்படி என்றால் பெட்டி மட்டும் ஒரு வருஷம் பூட்டின வீட்டில் கிடந்துவிட்டுத் திரும்பி வரட்டுமே. அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு பாதியில் அழுகைப் பக்கம் திரும்பியது, இரண்டையும் விழுங்கிக்கொண்டாள். மணி இரண்டே முக்கால். நோட்டில் என்ன எழுதியிருந்தோம்? முதல் கேள்வி, பயணத்துக்குத் தயாராகிவிட்டீர்களா. அதற்குப் பதில் மூன்று வரி. முதல் வரி ஞாபகம் இருக்கிறது. இரண்டாவது வரியில் ஒரு நல்ல சொல் போட்டிருந்தாள், அகராதியில் தேடி எடுத்த சொல், வழவழவென்று ஒரு சொல், அது வர மாட்டேன் என்கிறது. அந்தச் சொல் இல்லாமல் மூன்றாவது வரி வராது. சரி, அடுத்த கேள்வி. அடுத்த கேள்வி என்ன? சேலைகளுக்கு நடுவில், பூட்டிய வீட்டுக்குள், நாற்பது பதிலும் பத்திரமாக இருக்கின்றன. ஜெபக்கனி அக்கா வீட்டு ஜன்னல் வழியாகக் கையை விட்டால்? எட்டாது. எட்டினாலும் ஜிப். மூளை இப்படித்தான் ஓடியது, நின்ற இடத்திலேயே. அந்த வெள்ளைக்காரர்களின் சிவந்த கழுத்து. மிருதுளா மூன்று மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ் முடித்து வந்துவிடும். மூன்றே காலுக்குள் வந்துவிடும். அதை நினைத்ததும் மூச்சு கொஞ்சம் சீரானது. சீரானதும் தன் மேலேயே வெறுப்பாக வந்தது. நாளையிலிருந்து ஒரு வருஷம், பெற்ற பிள்ளை இல்லாமல் எப்படி இருப்பேன் என்று அல்லவா ஒரு தாய் நினைக்க வேண்டும். இவள் நினைப்பது ரஃப் நோட்டைத் தூக்கிக் காட்ட ஆள் இல்லாமல் எப்படி இருப்பேன் என்று. இரண்டும் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு கிடந்தன, எது எது என்று பிரித்தெடுக்கவும் முடியவில்லை, பிரித்துப் பார்க்க அவளுக்குத் தைரியமும் இல்லை. மின்விசிறி மறுபடி சுற்ற ஆரம்பித்தது. லைன் வேலை முடிந்துவிட்டது போல.

மிருதுளா மூன்று இருபதுக்கு வந்தாள். பையைக் கழற்றாமலே அடுப்படிக்கு வந்து நின்றாள். வெயிலில் நெற்றி முடியெல்லாம் ஒட்டிப்போயிருந்தது. காலையில் பெட்டியைக் கொண்டுபோனதை அவள் பார்க்கவில்லை. அறை மூலையில் மூன்று வாரமாகப் பெட்டி இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள் என்று முகத்திலேயே தெரிந்தது. செண்பகவல்லி தட்டில் சோறு போட்டாள். புளிக்குழம்பு, அவரைக்காய். "கையக் கழுவிட்டு வா" என்றாள்.

"பெட்டி எங்க?"

"அக்கா வீட்டுல. அப்பா நல்ல நேரம் பாத்து வச்சாங்க."

"அப்ப நெசமாத்தான் போறியா?"

"மூணு மாசமா என்ன சொல்லிட்டிருக்கோம்?"

மிருதுளா தட்டை வாங்கிக்கொண்டாள். சாப்பிடவில்லை. குழம்பு சோற்றில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்காமலே சொன்னாள். "நீ போகாதம்மா."

செண்பகவல்லிக்கு முதலில் காது கேட்டதா என்றே சந்தேகமாக இருந்தது. மூன்று மாசமாகக் காத்திருந்த வார்த்தை. வர வேண்டிய எந்த இடத்திலிருந்தும் வராமல், கடைசியில் இங்கேயிருந்து, இவ்வளவு சின்னக் குரலில். இதோ, கிடைத்துவிட்டது. பிள்ளை அழுகிறது, விட்டுவிட்டு வர மனசு வரவில்லை என்று சொன்னால் உலகத்தில் யார் என்ன சொல்ல முடியும்? ஆமினத் மேடம்கூட, அவர்களும் ஒரு தாயாக இருந்தால், சரி என்றுதான் சொல்வார்கள். இவர் அக்கா வீட்டிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார், அதற்கும் ஒரு நேரம் பார்த்து. திங்கட்கிழமை பள்ளிக்கூடம். ஒரு வரி, அர்த்தம், கேள்வி பதில். எல்லாம் பழையபடி. எவ்வளவு சுலபம். அந்தச் சுலபம்தான் அவளைப் பயமுறுத்தியது. காலையிலிருந்து பட்ட பயமெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிற அளவுக்குப் பயமுறுத்தியது. பிள்ளையின் தலையில் பழியைப் போட்டுவிட்டு, அது வளர்ந்து ஆளாகிற வரைக்கும் அதன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், இவளால்தான் என்று உள்ளுக்குள் ஒரு மூலையில் நினைத்துக்கொண்டே சோறு போடப்போகிறோம் என்று தெரிந்துபோயிற்று. அப்படி ஒரு அம்மாவாக இருக்க அவளுக்கு இஷ்டமில்லை. "மிருது" என்று ஆரம்பித்தாள். போன் அடித்தது.

மேடைமேல் கவிழ்த்து வைத்திருந்த போன் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது. மிருதுளா தட்டைக் கீழே வைத்தாள். கண்ணில் தண்ணீர் நிற்கிறது, அதைத் துடைக்கக்கூட இல்லை, பையைத் திறந்து ரஃப் நோட்டையும் பேனாவையும் எடுத்துவிட்டது. போகாதே என்று சொன்ன அதே பிள்ளை. செண்பகவல்லி அந்தக் கையை மெதுவாகப் பிடித்து, நோட்டை வாங்கி மேடையில் வைத்தாள். "நீ சாப்பிடு" என்றாள். போனை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். வெளியே "அம்மா!" என்றது. பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

ஆமினத் மேடத்தின் குரல் வந்தது, பின்னால் காற்றுச் சத்தமும் மோட்டார் சத்தமுமாக. ஹலோவுக்கு ஹலோ சொன்னாள். அடுத்தது நீளமாக வந்தது, நாலைந்து வாக்கியம், ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு. அதில் படகு என்ற சொல் மட்டும் தெரிந்தது. அப்புறம் அமைதி. அது கேள்வி என்று அந்த அமைதியிலிருந்துதான் தெரிந்தது. வார்த்தைகள் தொண்டைக்கு வந்து வரிசையில் நின்றன. சிரிக்கலாம், ஆனால் போனில் சிரிப்பு தெரியாது. எஸ் என்று சொல்லலாம், பாதித் தடவை அது சரியாக இருக்கும். அவள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஆங்கிலத்தில், எனக்குப் புரியவில்லை என்றாள். குரல் தன்னுடையது மாதிரியே இல்லை. மறுபடியும் சொன்னாள், புரியவில்லை, தயவுசெய்து மெதுவாக இன்னொரு தடவை சொல்லுங்கள். பூமி பிளக்கவில்லை. அந்தப் பக்கம் ஆமினத் மேடம், ஓ, ஸாரி, ஸாரி என்றார்கள். மோட்டார் சத்தம் குறைந்தது, நடந்து எங்கேயோ தள்ளிப் போயிருக்க வேண்டும். திரும்பவும் சொன்னார்கள். பாதி தெரிந்தது. மீதியை இன்னொரு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை விளங்கிவிட்டது. படகில் மூன்று மணி நேரம், கடல் கொஞ்சம் முரடாக இருக்கிறது, உங்களுக்கு வாந்தி வருமா? இவ்வளவுதான். நான் கடலில் போனதே இல்லை, அதனால் எனக்குத் தெரியாது என்றாள் செண்பகவல்லி. அதில் ஒரு இடத்தில் தப்பு விழுந்தது, அவளுக்கே கேட்டது, சிவப்பு மை போடத் துடித்த கையைக் கட்டிலிலேயே வைத்துக்கொண்டாள். ஆமினத் மேடம் சிரித்தார்கள். எலுமிச்சம்பழம் கொண்டுவாருங்கள் என்றார்கள், அல்லது எலுமிச்சம்பழம் தருகிறோம் என்றார்கள், அதை அவள் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளவில்லை. ஆறு நிமிஷம். ஐந்தாறு இடத்தில் புரியவில்லை என்றாள், இரண்டு இடத்தில் புரியாமலே விட்டுவிட்டாள். நாளைக்கு ராத்திரிப் படகில் அவள் பெயர் ஏறிவிட்டது.

கதவைத் திறந்தபோது மிருதுளா வாசலிலேயே, நிலையில் சாய்ந்து, தரையில் உட்கார்ந்திருந்தது. சோறு அப்படியே இருந்தது. முகம் வீங்கியிருந்தது.

"என்ன கேட்டாங்க?"

"படகப் பத்தி. பாதி புரியல."

"அப்புறம்?"

"புரியலன்னு சொன்னேன்."

மிருதுளா அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். ஆறு வருஷமாக அம்மாவின் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளை. போன வருஷம் அம்மாவின் வகுப்பிலேயே இருந்தது. "அப்படிச் சொல்லலாமா?" என்றாள்.

"சொல்லலாம்."

"திட்ட மாட்டாங்களா?"

"திட்டல. திரும்பச் சொன்னாங்க."

மிருதுளா கால் பெருவிரலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எனக்கும் புரியலம்மா" என்றாள். "நீ ஏன் போறன்னு. நீ சொன்னப்ப எல்லாம் சரி சரின்னு தலையாட்டிட்டேன். எல்லாரும் ஆட்டுனாங்க, நானும் ஆட்டுனேன். ஆனா எனக்குப் புரியவே இல்ல."

செண்பகவல்லி நிலைப்படிக்குப் பக்கத்தில் அவள் எதிரே உட்கார்ந்தாள். முழங்காலோடு முழங்கால் இடித்தது.

"எதுல இருந்து புரியல?"

"மொதல்ல இருந்து."

"சரி" என்றாள். எங்கே ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. இருந்தாலும் மெதுவாக, முதலில் இருந்து, சொல்ல ஆரம்பித்தாள்.